கோமதி கையெழுத்து

தாராவி, பம்பாய் – 17
5-1-1986

அக்கா,

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். நான் என் பெருமையை அனுப்புகிறேன். ‘தற்பெருமைக்காரி’ என்று திட்டாமல் கடைசி வரை படி.

மாட்டுங்கா கிளினிக்கில் சேர்ந்து நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. எங்கள் டாக்டர் அமெரிக்காவில் படித்தவர். அங்கே பார்த்த வழக்கமோ என்னவோ, வருடம் முடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இந்த வருடம் என்ன கற்றாய், அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறாய் என்று எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்தவள் எட்டு வரிக்கு மேல் என்ன எழுதுவேன்? வராத மீதியை உனக்கு எழுதுகிறேன்.

போன ஜனவரியில் கண்ணாடித் தகடு கழுவினேன். ஏப்ரலில் ரத்தம் பார்க்க விட்டார்கள். ஜூலையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். இப்போது கிளினிக்கிலேயே பெரிய வேலை என்னுடையதுதான். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு நாலு மாதம் கடந்ததும் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குடத் தண்ணீரில் கொஞ்சம் எடுப்பார் டாக்டர். அதில் குழந்தையின் செல்கள் மிதக்கும். அவற்றுக்குச் சாயம் ஏற்றி நூறு செல்லை எண்ணிப் பார்ப்பேன். சில செல்களில் உட்கருவின் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் பெண். இல்லாவிட்டால் ஆண். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தப் புள்ளி எல்லார் கண்ணுக்கும் தெரியாது அக்கா. எனக்குத் தெரிகிறது. ‘கோமதி பார்த்துவிட்டாளா?’ என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டர் வெளியே காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறார். நவம்பரிலிருந்து ரிப்போர்ட்டில் என் கையெழுத்தே போகிறது.

இந்த வருடக் கடைசியில் செம்பூரில் இன்னொரு கிளினிக் திறக்கப் போகிறார்கள். லேபுக்கு நான்தான் பொறுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது நடந்தால் சுனாபட்டியில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிற ஓர் அறை பார்ப்பேன். அம்மா இந்த முட்டுவலியோடு விடிவதற்கு முன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம்.

மக்கள் இருவருக்கும் முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் கோமதி


கீழச்செவலூர்
19-1-1986

ஏட்டி கோமதி,

உன் கடிதம் என் கைக்கு வரும் முன் மூன்று பேர் கைக்குப் போய்விட்டது. தபால்காரர் எங்கள் கடையில் கொடுத்திருக்கிறார். உன் அத்தான் அதை ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளைக்குப் படித்துக் காட்டி, வீட்டுக்கு வந்து என் மாமியாருக்கும் படித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் என்னிடம் கொடுத்தார். அந்தப் புள்ளி பற்றி எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் இரண்டு தடவை படித்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“வயித்துக்குள்ள இருக்கும்போதே தெரிஞ்சிருமால?” என்றாள்.

“கோமதி பாத்தா தப்பாதுன்னு டாக்டரே சொல்லுதாராம்மா” என்றார் அவர்.

நீ முன்னுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நம் தாராவி லேபர் கேம்ப் சந்தில் மூக்கு ஒழுகத் திரிந்தவள் டாக்டருக்குப் பதில் சொல்கிறாள் என்றால் சும்மாவா. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் இருந்து அத்தை என் தட்டைப் பார்க்கிற விதம் மாறிப்போயிற்று. இரண்டு பெண் பெற்றவள் என்று இதுவரை வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. நான் எழுந்து போகும்போது என் இடுப்பைப் பார்க்கிறாள்.

ஒரு சங்கதி. பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லாதே.

இனிமேல் எனக்கென்று எழுதுவதை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. மூத்தவளின் பள்ளிக்கூடத்தில் அம்மிணி டீச்சர் இருக்கிறாள். நல்ல மனுஷி. பள்ளிக்கூட விலாசத்துக்கு அவள் பேர் போட்டு எழுது. பிள்ளையின் பைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவாள்.

அந்த ஊசி வலிக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

முப்பிடாதி


தாராவி
9-2-1986

அக்கா,

என் வாயைத் தைக்க வேண்டும். வேலையைப் பற்றி எழுதினேனே தவிர அது யார் கையில் போகும், யார் காதில் விழும் என்று யோசிக்கவில்லை.

உனக்கு எழுதாமல் விட்டதும் உண்டு. கிளினிக் இரண்டு மாடி. கீழே லேப். பெண் என்று ரிப்போர்ட் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே மாடிக்குப் போகிறார்கள். சாயந்திரம் முகம் வெளுத்து இறங்கிப் போகிறார்கள். சட்டப்படி நடப்பதுதான், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று டாக்டர் சொல்வார். எனக்கு மாடியில் வேலை இல்லை. அதனால் மாடியைப் பற்றி நான் நினைப்பதில்லை. போன மாதம் வரை நினைக்கவில்லை.

போன மாதம் ஒருத்தி வந்தாள், என் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை அவள் மாமனார் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவள் மட்டும் லேப் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள்.

“தீதீ, ஏக் பார் ஃபிர் தேகோ நா” என்றாள். இன்னொரு தடவை பாருங்களேன் என்று.

“தேக் லியா, பாயி. லட்கீ ஹை” என்றேன், பார்த்துவிட்டேன், பெண்தான் என்று. வேறு என்ன சொல்ல? நூறு செல் எண்ணியிருந்தேன்.

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சைனப் வந்து அவள் தோளைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். சைனப் எங்கள் ஆயா, கடையநல்லூர்க்காரி, நம் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. அன்று வேலை முடிந்து மாட்டுங்கா ரயில் பாலத்தில் சேர்ந்து நடந்தோம். ‘எனக்கென்ன, நான் பார்த்ததை எழுதுகிறேன்’ என்று ஏதோ சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

“நீ கீழ எழுதுதே. நான் மேல அள்ளுதேன். ரெண்டும் ஒரே வேலதாம்ளா” என்றாள்.

அதற்குப் பிறகு அவளோடு நடப்பதைத் தவிர்க்கிறேன். வேலை வழக்கம்போல நடக்கிறது. ஒரு நாளைக்கு இருபது வரை வருகிறது. டாக்டர் ஜெர்மனியிலிருந்து புது மைக்ராஸ்கோப் வாங்கியிருக்கிறார். இதில் புள்ளி இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஊசி வலிக்காது அக்கா. வலிப்பது ஊசி இல்லை. நீ இந்தப் பக்கமே வராதே. எதையாவது சொல்லித் தள்ளிப்போடு.

கோமதி


கீழச்செவலூர்
24-3-1986

அன்புள்ள தங்கை கோமதிக்கு,

அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எனக்கு மூன்று மாதம் முடிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் மூன்றாவது வாரத்தில் அவரும் நானும் பம்பாய் வர இருக்கிறோம். உங்கள் டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லி நாள் வாங்கி வைக்கவும். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதால் அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகளை இங்கேயே விட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
அ. முப்பிடாதி

(இன்லேண்டு ஒட்டும் மடிப்பின் உள்ளே, பென்சிலால்:)

கோமதி, வேண்டாம் என்று எழுது. என்ன பொய்யாவது எழுது.


தாராவி
2-4-1986

அத்தானுக்கும் அக்காவுக்கும் கோமதியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருவதில் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் டாக்டர் இந்த மாதம் முழுவதும் வெளிநாட்டில் இருக்கிறார். புது மெஷினும் ரிப்பேரில் கிடக்கிறது. மேலும் இந்தப் பரிசோதனையில் நூற்றில் இரண்டு பேருக்குக் கரு தங்காமல் போய்விடுகிறது. மூன்றாவது குழந்தை, இவ்வளவு தூர ரயில் பயணம் வேறு. யோசித்துச் செய்யவும். அக்கா ஊரிலேயே இருந்து ஓய்வெடுப்பது நல்லது.

தங்கள்,
கோமதி


கீழச்செவலூர்
8-6-1986

கோமதி,

பம்பாயிலிருந்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன், டீச்சர் வீட்டில் உட்கார்ந்து.

நான் இப்போது இந்த வீட்டு மகாராணி. அத்தை கையால் பால் ஆற்றித் தருகிறாள். படியில் ஏறினால் பின்னாலேயே வருகிறாள். தேக்கில் தொட்டில் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். மாமனார் பேரைத்தான் வைப்பார்களாம், பிரம்மநாயகம். வயிற்றைப் பார்த்து ‘ஏலே பெருமாநாயகம்’ என்று அத்தை கூப்பிடுகிறாள், அவள் வாயில் அப்படித்தான் வரும். என் இரண்டு பிள்ளைகளும் ஓரமாக நின்று பார்க்கின்றன.

உன் அத்தான் அந்த ரிப்போர்ட்டைச் சொத்துப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறார். வேண்டியவர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறார். “கீழ பாருங்க, எம் மச்சினிச்சி கையெழுத்து” என்கிறார். நீ பொய்க்கடிதம் எழுதியதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். “டாக்டர் ஊர்ல இல்லன்னு எழுதுதா. டிரங்க் கால் போட்டா டாக்டரே பேசுதாரு. அக்கா மேல அம்புட்டுப் பாசம், ஊசி குத்திருவாங்கன்னு பயந்துட்டா.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த நாள் மனதை விட்டுப் போகவில்லை. நீ லேபிலிருந்து வெளியே வந்தாய். ‘ஆண் குழந்தை, அத்தான்’ என்றாய். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகு ரயில் ஏறும் வரை நான்கு நாள் அந்த ஒற்றை அறைக்குள்தான் இருந்தோம். ஒரு தடவைகூட நீ என் கண்ணைப் பார்க்கவில்லை.

மாடியில் எனக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அது உனக்குத் தெரியும். பெண் என்றிருந்தால் அன்றைக்கே என்று அவர் டாக்டரிடம் பேசி முடித்திருந்தார். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என்னைப் பார்த்துச் சொல் கோமதி. கடிதத்திலாவது.

முப்பிடாதி


தாராவி
22-6-1986

அக்கா,

கண் வலி. அதனால்தான் எழுதவில்லை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தால் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடிவதில்லை. வேறு ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு இல்லை. தொட்டில் செய்வது, பேர் வைப்பது எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு செய்துகொள்ளச் சொல். அந்த ரிப்போர்ட் எப்படியாவது உன் கைக்கு வந்தால் அடுப்பில் போடு. அதை வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு நீ இங்கே வந்துவிடு. மூன்றாவது பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதில்லை என்று அத்தை சொல்வாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சாவதற்குள் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று தந்தி அடிக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரையும். ஒன்றைக்கூட விட்டுவிட்டு வராதே.

செம்பூர் கிளினிக் வேலை முன்னதாகவே முடிகிறது. அக்டோபரில் திறப்பு. பெயர்ப்பலகையில் எனக்கும் ஒரு வரி உண்டாம். சைனப் வேலையை விட்டுவிட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வா அக்கா. தயவுசெய்து வா.

கோமதி


சர்க்கார் ஆஸ்பத்திரி
21-9-1986

கோமதி,

உன் தந்தி வந்தது. என்னை அனுப்பவில்லை. ‘வாரிசு இந்த வாசல்லதான் விழணும்’ என்றுவிட்டாள் அத்தை.

புதன்கிழமை விடியற்காலை பனிக்குடம் உடைந்துவிட்டது. பேசி வைத்திருந்த நர்சிங் ஹோம் வரை போக நேரமில்லை. பக்கத்து ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஆறு மணிக்குப் பிறந்தது. பெண்.

நர்ஸ் தூக்கிக் காட்டியபோது நானே பார்த்தேன். மயக்கம் இல்லை, எனக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆறுமுகத்தாய் என்று ஒருத்தி. கல்லுடைக்கிற பூதத்தானின் பெண்டாட்டி. அவளுக்கும் அதே நேரத்தில், அரைமணி முன்னே பின்னே. அவளுக்குப் பையன்.

உன் அத்தான் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடித்துப் போட வருவார் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர் ரிப்போர்ட்டோடு வந்தார். கூடவே போலீஸ் எஸ்.ஐ.

“பம்பாய் டாக்டர் பாத்த ரிப்போர்ட் சார். எம் மச்சினிச்சியே பாத்து எழுதினது. ஆம்பளப் பிள்ளைன்னு அச்சடிச்ச மாதிரி இருக்கு. இங்க மாத்திட்டாங்க” என்றார்.

எஸ்.ஐ. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து, பம்பாய் சீல். இந்த ஊரில் யாருக்கும் அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம். நான் பெற்றது இவளைத்தான் என்று கத்தினேன். “பிள்ளை பெத்த மயக்கத்துல பேசுதா” என்றாள் அத்தை. நர்ஸும் சொல்லிப் பார்த்தாள். காசு வாங்கிக்கொண்டு மாற்றியவளே நீதான் என்று அவள் மேலேயே பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாய் திறப்பதில்லை.

இப்போது அந்தப் பையனை ஆறுமுகத்தாயிடமிருந்து எடுத்து நர்சுகள் அறையில் வைத்திருக்கிறார்கள். புட்டிப்பால். பெண் என்னிடமே கிடக்கிறது. அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் தலையை மோதுகிறாள். மார் கட்டி அவளுக்குக் காய்ச்சல். பூதத்தான் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறான். அத்தை தினம் வந்து அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, “மூக்கு அப்படியே எங்க வீட்டுக்காரர் மூக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அடுத்த மாதம் மூன்றாம் தேதி பெரிய அதிகாரி விசாரிக்க வருகிறார். அதுவரை நானும் ஆறுமுகத்தாயும் வார்டை விட்டுப் போகக் கூடாது.

சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் நான் நினைத்தேன். மாறியதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பையன் எங்கள் வீட்டில் நன்றாக வளர்வான். என் பாடும் தீர்ந்தது. மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வழி பிறக்கும். என் மகளைக் கல்லுடைக்கிறவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பால் குடித்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். நேற்று ஆறுமுகத்தாய் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, நீங்க பாத்தீகல்லா? சொல்லுங்கக்கா” என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த மைக்ராஸ்கோப்பில் நீ என்ன பார்த்தாய்? எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் உன் கையால் எழுது.

முப்பிடாதி


தாராவி
26-9-1986

அக்கா,

ரிஜிஸ்டர் தபாலில் டீச்சர் பேருக்கு அனுப்புகிறேன். உள்ளே இரண்டு தாள். இது உனக்கு. மற்றது இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டது, விசாரணை அதிகாரிக்கு.

பெண் என்று பார்த்தேன். நூறு செல் எண்ணினேன். நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன். எங்கு பார்த்தாலும் அந்தப் புள்ளி. ‘உன் அக்கா கேஸ், நீயே பார்’ என்று டாக்டர் என்னிடம் கொடுத்திருந்தார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் கொடுத்தார். மாடியில் கட்டில் நகர்த்துகிற சத்தம் கேட்டது. நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாய், கதவு இடுக்கில் தெரிந்தது. பேனாவை எடுத்து ஆண் என்று எழுதினேன்.

அப்போது தோன்றியதெல்லாம், இன்றைக்கு மாடிக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பதுதான். பிறந்தால் பிறந்துவிடும், பிறந்த பிள்ளையை யாரும் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். அதிகம் போனால் என்னைத் திட்டுவார்கள், ரிப்போர்ட் தப்பு என்பார்கள். ரிப்போர்ட்தான் சரி, பிள்ளைதான் தப்பு என்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொருத்தியின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்குவார்கள் என்று தோன்றவில்லை.

உன் கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

“இப்படி எத்தனை ரிப்போர்ட்?” என்றார்.

“இது ஒன்றுதான் சார்.”

“அப்படியானால் இதை மறந்துவிடு. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மாறியதாகவே இருக்கட்டும். நமக்கு அதுதான் நல்லது, உனக்கும். எதையும் தாளில் எழுதாதே. பத்தாம் தேதி செம்பூரில் திறப்பு விழா. நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு வா.”

நான் வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன். கிளினிக் பேர், ரிப்போர்ட் நம்பர், என் பேர், நான் பொய்யாக எழுதினேன் என்பது எல்லாம் இருக்கிறது. இதைக் காட்டினால் அந்த வீட்டில் உனக்கு என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. காட்டாவிட்டால் ஆறுமுகத்தாய்க்கு என்ன நடக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். போன தடவை உன்னைக் கேட்காமல் நானே முடிவெடுத்தேன். இந்தத் தடவை முதலில் உன் கையில் கொடுக்கிறேன். மூன்றாம் தேதிவரை உனக்கு. அன்று நீ காட்டவில்லை என்று தெரிந்தால் நான் ரயிலேறி வந்து காட்டுவேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வேலையைப் பற்றி இன்னும் ஒன்றும் யோசிக்கவில்லை. அம்மா இருக்கிறாள். நீயும் வந்தால், பால்குடிப் பிள்ளையைச் சேர்க்காமலே ஐந்து வயிறாகிவிடும். பயமாக இருக்கிறது அக்கா.

கோமதி


திருநெல்வேலி
9-10-1986

கோமதி,

இடத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். அம்மிணி டீச்சரின் தங்கை வீட்டில் இருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் என்னோடு.

நீ அனுப்பிய தாளை ஒன்றாம் தேதி டீச்சர் ஆரஞ்சுப்பழப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாள் ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். உனக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்துபோன காரியம் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விசாரணையன்று அதிகாரி என்னைக் கேட்டபோது அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துத் தமிழில் சொன்னார். அந்தப் பையனைக் கொண்டுவந்து ஆறுமுகத்தாயிடம் கொடுத்தார்கள். பதினாறு நாள் புட்டியில் குடித்த வாய், அவள் மாரைப் பிடிக்கத் தெரியாமல் அழுதது. பூதத்தான் அதிகாரியைக் கும்பிடவில்லை. பிள்ளையையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

உன் அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்ப அன்னைக்கே தெரிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும்லா?” கோபமே இல்லை. கடையில் அளவு தப்பிப்போன துணியைப் பற்றிப் பேசுகிற குரல். அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டார்.

மறுநாள் காலை அத்தை வந்தாள். சிரித்த முகம். எனக்குத் தலை வாரிவிட்டாள். “நடந்தது நடந்து போச்சு. பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்கு வா. நீ ஒண்ணும் பாக்காண்டாம், ராத்திரில கண்ணு முழிக்காண்டாம். சின்னப் பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள். இத்தனை வருடத்தில் அத்தை என் பிள்ளை எதையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை. அவள் போன பிறகு வார்டைப் பெருக்குகிற கிழவி என் பக்கத்தில் வந்து, “அந்த வீட்டுக்கு இந்தப் பிள்ளையக் கொண்டு போகாதம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருக்கிக்கொண்டே போனாள்.

டீச்சரிடம் சொன்னேன். கைக்குழந்தையோடு நான் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக இங்கே வந்துவிட்டேன். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள். புத்தகப் பையோடு வந்தார்கள். மாற்றுத் துணி கிடையாது.

வருகிற பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை ரயில். அவர் தேடி வருவார். இல்லாவிட்டால் ஆள் அனுப்புவார். தாராவி வீடு அவருக்குத் தெரியும். அம்மாவிடம் சொல், யார் குரல் என்று தெரியாமல் கதவைத் திறக்க வேண்டாம்.

இப்போது உனக்கும் எனக்கும் உள்ளது. எனக்கு நீ செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள் டீச்சர். வாய் வரவில்லை. உன் பொய்யால்தான் இவள் என் மடியில் கிடக்கிறாள், விரலைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறாள். அதே பொய்யால் ஒருத்தி பதினாறு நாள் சுவரில் முட்டினாள். ஆனால் என்னை அறுக்கிறது அதுவும் இல்லை. நீ ஒரு வருடத்துக்கு மேலாக எத்தனை பேருக்கு உண்மையை எழுதிக் கொடுத்திருப்பாய்? ஆயிரம் இருக்குமா? என் ஒருத்திக்குத்தான் பொய் எழுதினாய். எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்களுடைய தங்கச்சிகள் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை. வேறென்ன?

ஐந்து வயிறு என்று எழுதியிருந்தாய். எனக்குப் பீடி சுற்றத் தெரியும், அப்பளம் போடத் தெரியும். உனக்கு ரத்தம் பார்க்கத் தெரியும். பம்பாயில் மலேரியாவுக்கா பஞ்சம்? சுனாபட்டியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். குடத்தை நான் தூக்குகிறேன்.

பத்தாம் தேதி செம்பூரில் விளக்கேற்றுகிறார்கள் என்றாயே. நீ அங்கே போய் நிற்பாயா என்று கேட்க மாட்டேன். ஆனால் நாங்கள் வந்து சேரும் நேரம் பகல். நீ அந்த வேலையில் இருந்தால் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டாய். அதை வைத்து நான் தெரிந்துகொள்வேன். அப்படியானால் பிள்ளைகளை அம்மாவிடம் காட்டிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

முப்பிடாதி


தந்தி
பம்பாய், 14-10-1986

புறப்பட்டு வா. ஒன்றாம் தேதியிலிருந்து பகலிலும் வீட்டில்தான் இருக்கிறேன். கோமதி.